பெருவில் காணாமல் போன மீன்... சிம்லாவில் கிடைத்த துப்பு! யார் இந்த கில்பர்ட் வாக்கர்?

தென் அமெரிக்காவின் மேற்குக் கரையில் இருக்கும் நாடு பெரு. 1970-ல் அந்த ஒரு நாட்டின் மீனவர்கள் மட்டும் பிடித்த அஞ்சோவெட்டா மீனின் அளவு 1.2 கோடி டன்னைத் தாண்டியது. நம்ம ஊர் நெத்திலியின் நெருங்கிய சொந்தம்தான் இந்த அஞ்சோவெட்டா. அதைக் காயவைத்து அரைத்து, கோழித் தீவனமாகவும் பன்றித் தீவனமாகவும் உலகத்துக்கே ஏற்றுமதி செய்துகொண்டிருந்தது பெரு.

மூன்றே வருஷம். 1973-ல் பிடிபட்டது சுமார் 20 லட்சம் டன் மட்டுமே. படகுகள் துறைமுகத்தில் நின்றன. மீன்தூள் ஆலைகள் மூடப்பட்டன. கடற்பறவைகள் இரை கிடைக்காமல் கரையில் செத்து விழுந்தன.

அளவுக்கு மீறிப் பிடித்தது ஒரு முக்கியக் காரணம். ஆனால் அது மட்டும் இல்லை. 1972-ல் பெருவை ஒட்டிய கடல் திடீரென்று சூடானது. அதே 1972-ல் இந்தியாவில் பருவமழை பொய்த்துக் கடும் வறட்சி வந்தது.

எங்கேயோ இருக்கும் பெரு கடலுக்கும் நம்ம மழைக்கும் என்ன சம்பந்தம்? இந்தக் கேள்விக்கான முதல் பெரிய துப்பைக் கொடுத்தவர் மீன்வள நிபுணர் இல்லை, கடலாய்வாளரும் இல்லை. சிம்லா மலையில் உட்கார்ந்துகொண்டு கணக்குப் போட்ட ஓர் ஆங்கிலேயர். பெயர், சர் கில்பர்ட் வாக்கர்.

பூமராங் எறிந்த கணித மேதை

1868 ஜூன் 14-ம் தேதி, இங்கிலாந்தின் லங்காஷயர் பகுதியில் உள்ள ராச்டேல் நகரில் பிறந்தார் வாக்கர். அப்பா இன்ஜினியர். லண்டன் செயின்ட் பால்ஸ் பள்ளியில் படிப்பு. சுழலும் பொருட்கள் மீது சின்ன வயதிலேயே தீராத ஆர்வம்.

அடுத்து கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரி. 1889-ல் கணிதத் தேர்வில் முதலிடம். கேம்பிரிட்ஜில் இதற்கு சீனியர் ராங்லர் என்று பெயர். அந்தக் காலத்து இங்கிலாந்தில் ஒரு மாணவர் அடையக்கூடிய மிகப் பெரிய கல்விப் பெருமைகளில் ஒன்று அது.

ஆனால் கடுமையான உழைப்பில் உடம்பு விழுந்துவிட்டது. உடல் தேறுவதற்காகக் குளிர்காலங்களை சுவிட்சர்லாந்தில் கழித்தார். அங்கே பனிச்சறுக்கு நடனத்தில் ஆசை பிறந்தது. திரும்பி வந்து கேம்பிரிட்ஜில் பாடம் நடத்திக்கொண்டே, ஆற்றங்கரைப் புல்வெளிகளில் பூமராங் எறிந்து பார்த்துக்கொண்டிருப்பார். எறிந்த கட்டை ஏன் திரும்பி வருகிறது என்பதற்குக் கணிதம் எழுதி, 1897-ல் ஆய்வுக் கட்டுரையாகவே வெளியிட்டார். நண்பர்கள் அவருக்கு பூமராங் வாக்கர் என்றே பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள்.

வானிலை? அதைப் பற்றி அதுவரை அவர் எதுவும் செய்ததில்லை.

கணக்கு வாத்தியாருக்கு மழை வேலை ஏன்?

இதற்கு விடை தெரிய, தாது வருஷப் பஞ்சத்துக்குப் போக வேண்டும். 1876-ல் தொடங்கி 1878 வரை நீடித்த அந்தப் பஞ்சம் சென்னை மாகாணம், மைசூர், பம்பாய் மாகாணம் என்று தென்னிந்தியா, மேற்கிந்தியா முழுக்கப் பல லட்சம் உயிர்களைக் கொன்றது. மழை பொய்த்தது தொடக்கம். பஞ்ச காலத்திலும் தானியத்தைக் கப்பலில் ஏற்றியனுப்பிய பிரிட்டிஷ் ஆட்சியின் கொள்கை அதைப் பேரழிவாக்கியது.

இந்திய வானிலை ஆய்வுத் துறை 1875-ல்தான் தொடங்கப்பட்டிருந்தது. பஞ்சத்துக்குப் பிறகு, அடுத்த மழை எப்படி இருக்கும் என்று முன்கூட்டியே சொல் என்ற நெருக்கடி அந்தத் துறைக்கு வந்தது. முதல் தலைவர் ஹென்றி பிளான்போர்டு, இமயமலையில் எவ்வளவு பனி விழுந்திருக்கிறது என்பதை வைத்து 1886-ல் கணிப்பு வெளியிட ஆரம்பித்தார். அடுத்து வந்த ஜான் எலியட் இன்னும் பல தகவல்களைச் சேர்த்தார்.

1899-ல் எல்லாம் கவிழ்ந்தது. மழை நன்றாக இருக்கும் என்று கணிப்பு. நடந்ததோ மிக மோசமான வறட்சி. மறுபடியும் பஞ்சம். மறுபடியும் லட்சக்கணக்கில் சாவு.

எலியட்டுக்கு அடுத்து யார் என்ற கேள்வி வந்தபோது, வானிலை அனுபவமே இல்லாத 35 வயது கணிதக்காரரைத் தேர்ந்தெடுத்தார்கள். 1904-ல் வாக்கர் பொறுப்பேற்றார். அதே ஆண்டு லண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினராகவும் ஆனார். அடுத்த 20 வருஷம் அவருக்கு இந்தியாதான்.

சென்னைத் துறைமுகத்தில் ஒரு நோட்டுப் புத்தகம்

தமிழ்நாட்டுக்கு வாக்கர் செய்த ஒரு காரியம் பலருக்கும் தெரியாது. 1913 பிப்ரவரியில் அவர் சென்னைக்கு வந்தார். சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங், தன் அலுவலகத்தில் வேலை செய்யும் ஓர் இளம் குமாஸ்தாவின் கணித நோட்டுகளை வாக்கரிடம் காட்டினார். அந்தக் குமாஸ்தா, ராமானுஜன்.

அது வாக்கரின் கணிதத் துறை கிடையாது. ஆனாலும் வேலையின் தரம் அவருக்குப் புரிந்துவிட்டது. கேம்பிரிட்ஜ் கல்லூரியில் உள்ள ஆய்வாளர்களுக்கு ஈடான சுயசிந்தனை இதில் இருக்கிறது, இந்த இளைஞர் பிழைப்புக் கவலை இல்லாமல் கணிதம் மட்டும் பார்க்கும்படி பல்கலைக்கழகம் ஏற்பாடு செய்ய வேண்டும் என்று மறுநாளே சென்னைப் பல்கலைக்கழகப் பதிவாளருக்குக் கடிதம் எழுதினார். ராமானுஜனுக்கு மாதம் 75 ரூபாய் உதவித்தொகை கிடைத்தது. அடுத்த வருஷம் அவர் கப்பலேறியது, வாக்கர் படித்த அதே டிரினிட்டி கல்லூரிக்கு.

கம்ப்யூட்டர் இல்லாத காலத்து டேட்டா சயின்ஸ்

சிம்லாவில் வாக்கர் எடுத்த வழி அந்தக் காலத்துக்குப் புதுசு. மழை ஏன் பெய்கிறது என்று ஒரு கோட்பாட்டைப் பிடித்துக்கொண்டு அவர் தொடங்கவில்லை. உலகம் முழுக்க இருக்கும் வானிலை நிலையங்களின் பழைய பதிவுகளைத் திரட்டினார். காற்றழுத்தம், வெப்பநிலை, மழை அளவு, ஆற்று வெள்ளம். பிறகு எது கூடும்போது எது கூடுது, எது குறையுது என்று ஒவ்வொன்றாக ஒப்பிட்டார். புள்ளியியலில் இதற்கு ஒட்டுறவு என்று பெயர்.

இன்றைக்கு லேப்டாப்பில் ஒரு நிமிஷத்தில் முடியும் வேலை. அன்றைக்கு இந்தியக் குமாஸ்தாக்கள் வருஷக்கணக்கில் கையால் பெருக்கி, கூட்டி, வகுத்துச் செய்தார்கள். உலகப் புகழ்பெற்ற ஒரு கண்டுபிடிப்புக்கு அடித்தளம் அவர்களுடைய உழைப்பு.

இத்தனை எண்களை ஒப்பிட்டால் சில பொருத்தங்கள் தற்செயலாகவே கிடைத்துவிடும் என்ற ஆபத்து வாக்கருக்குத் தெரியும். அதனால், எந்தப் பொருத்தம் நிஜம், எது வெறும் அதிர்ஷ்டம் என்று சோதிக்கவும் வழி வகுத்தார். மழைக்கும் சூரியப் புள்ளிகளுக்கும் பெரிய தொடர்பு என்று அப்போது பலர் நம்பினார்கள். வாக்கர் கணக்குப் போட்டுப் பார்த்து, அந்தத் தொடர்பு பலவீனமானது என்று ஒதுக்கினார்.

மூன்று சீசா

1923, 1924-ல் வெளியான கட்டுரைகளில் வாக்கர் தன் முடிவுகளைத் தொகுத்துச் சொன்னார். பூங்காவில் குழந்தைகள் ஆடும் சீசா பலகையை நினைத்துக்கொண்டால் இது எளிதில் புரியும். ஒரு பக்கம் ஏறினால் மறுபக்கம் இறங்கும்.

பசிபிக் பெருங்கடல் பக்கம் காற்றழுத்தம் ஏறும்போது, இந்தோனேசியா, வட ஆஸ்திரேலியா, இந்தியப் பெருங்கடல் பக்கம் இறங்குகிறது. அது மாறும்போது இதுவும் மாறுகிறது. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நீளமுள்ள இந்த சீசாவுக்குத் தெற்கு அலைவு என்று பெயர் வைத்தார். இதில் ஒரு பகுதியை ஹில்டெப்ராண்ட்சன், லாக்யர் போன்றவர்கள் முன்பே பார்த்திருந்தார்கள். அது எவ்வளவு பெரியது, எந்தெந்த நாட்டு மழையோடு கோத்திருக்கிறது என்று காட்டியது வாக்கர்.

இதோடு இன்னும் இரண்டு சீசாக்களையும் அடையாளம் காட்டினார். ஒன்று, ஐஸ்லாந்துக்கும் அசோர்ஸ் தீவுகளுக்கும் இடையில் ஆடும் வட அட்லாண்டிக் அலைவு. இன்னொன்று, வட பசிபிக் அலைவு.

1924-ல் வாக்கர் ஓய்வு பெற்றார். சர் பட்டம் கிடைத்தது. லண்டன் இம்பீரியல் கல்லூரியில் வானிலைப் பேராசிரியர் ஆனார். 1934 வரை அங்கே வேலை. புல்லாங்குழலின் வடிவமைப்பை எப்படி மேம்படுத்தலாம் என்ற ஆராய்ச்சியும் பக்கத்திலேயே நடந்தது.

ஆனால் எந்த வேலைக்காக இந்தியாவுக்கு வந்தாரோ, அது முடியவில்லை. 1918-ல் அவர் பொறுப்பில் இருந்தபோதே பருவமழை கடுமையாகப் பொய்த்தது. அவர் கண்டுபிடித்த தொடர்புகளில் சில காலப்போக்கில் வலுவிழந்தன. பருவமழையை வெகு முன்கூட்டியே நிச்சயமாகச் சொல்லும் சூத்திரம் கைக்கு எட்டவில்லை.

பெரிய சிக்கல் வேறு. சீசா ஆடுகிறது என்று காட்டினார். அதை ஆட்டுவது எது என்று அவரால் சொல்ல முடியவில்லை. காரணம் சொல்லாத வெறும் எண் விளையாட்டு என்று சக விஞ்ஞானிகள் பலர் சந்தேகத்தோடு பார்த்தார்கள். வானத்தில் 10, 20 கிலோமீட்டர் உயரத்தில் என்ன நடக்கிறது என்ற தகவல் கிடைத்தால் விடை கிடைக்கும் என்று வாக்கர் எதிர்பார்த்தார். கடலுக்கும் பங்கு இருக்கலாம் என்ற எண்ணம் அவருக்கு இருந்தது. ஆனால் பசிபிக் கடலின் நடுவே வெப்பநிலை என்ன, நீரோட்டம் எப்படி என்று சொல்லும் தொடர்ச்சியான பதிவுகள் அன்றைக்கு யாரிடமும் கிடையாது.

பெரு மீனவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்தது

இதற்கிடையில், உலகத்தின் மறுகோடியில் இன்னொரு பதிவு சத்தமில்லாமல் இருந்தது. வட பெருவின் பைட்டா துறைமுகத்து மாலுமிகளுக்கு ஒரு விஷயம் தலைமுறை தலைமுறையாகத் தெரியும். கிறிஸ்துமஸை ஒட்டி வடக்கிலிருந்து ஒரு சூடான நீரோட்டம் கரையோரமாக இறங்கி வரும். குழந்தை இயேசுவை நினைத்து அதற்கு எல் நினோ என்று பெயர் வைத்திருந்தார்கள். சில வருஷங்களில் அந்தச் சூடு மிக அதிகமாக இருக்கும். பாலைவனக் கரையில் மழை கொட்டும். 1890-களிலேயே லிமா புவியியல் சங்கத்தினர் இதை எழுதி வைத்துவிட்டார்கள்.

லிமாவில் சூடான நீரின் கதை. சிம்லாவில் காற்றழுத்தத்தின் கதை. இரண்டும் ஒரே கதையின் இரண்டு பாதிகள். ஆனால் அரை நூற்றாண்டுக்கும் மேலாக யாரும் இரண்டையும் சேர்த்து ஒட்டிப் பார்க்கவில்லை.

மரணமும் விடையும் ஒரே நேரத்தில்

1957 ஜூலையில் சர்வதேசப் புவி இயற்பியல் ஆண்டு தொடங்கியது. பல நாடுகள் சேர்ந்து கடலையும் வானத்தையும் ஒரே நேரத்தில் அளந்த மாபெரும் திட்டம் அது. 1958 டிசம்பர் வரை நடந்தது. சரியாக அதே நேரத்தில் ஒரு வலுவான எல் நினோவும் வந்தது. சூடு பெரு கரையில் மட்டும் இல்லை, பசிபிக் நடுக்கடல் வரை பல ஆயிரம் கிலோமீட்டருக்குப் பரவியிருக்கிறது என்று கப்பல்களின் அளவீடுகள் காட்டின.

அந்தத் திட்டம் முடிவதற்குள், 1958 நவம்பர் 4-ம் தேதி, இங்கிலாந்தில் தன் 90-வது வயதில் வாக்கர் காலமானார். உலக வானிலைக்கு ஒரு கோட்பாடு கிடைக்கும் என்ற அவருடைய நம்பிக்கை பலிக்கவில்லை என்ற தொனியில்தான் துறை சார்ந்த இரங்கல் குறிப்பும் இருந்தது. அவரைச் சரி என்று நிரூபிக்கப்போகும் எண்கள் அப்போதுதான் கப்பல்களில் சேர்ந்துகொண்டிருந்தன.

அந்த எண்களை எடுத்து உட்கார்ந்தவர், அமெரிக்காவின் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் இருந்த நார்வே வானிலையாளர் ஜேக்கப் பியர்க்னெஸ். 1969-ல் அவர் வெளியிட்ட கட்டுரை இரண்டு பாதிகளையும் ஒட்டியது. காற்று கடலைத் தள்ளுகிறது. கடல் காற்றை மாற்றுகிறது. தெற்கு அலைவும் எல் நினோவும் ஒரே நாணயத்தின் இரண்டு பக்கங்கள். பசிபிக் மேல் கிழக்கு மேற்காகச் சுழலும் அந்தக் காற்றுச் சுற்றுக்கு அவர் சூட்டிய பெயர், வாக்கர் சுழற்சி.

கரையோரக் கடல் எப்படி மாறுது?

இப்போது முதல் கேள்விக்கு வரலாம். வானத்தில் ஆடும் சீசா, கரையோரத்து மீனை எப்படி விரட்டுது?

முதலில் கண்டத்திட்டு என்றால் என்ன என்று பார்ப்போம். கரையோடு நிலம் முடிந்துவிடுவதில்லை. கடலுக்கு அடியிலும் சரிவாகக் கொஞ்ச தூரம் போகும். சுமார் 200 மீட்டர் ஆழம் வரையுள்ள அந்த மேடைதான் கண்டத்திட்டு. அதைத் தாண்டினால் கடல் சட்டென்று பல ஆயிரம் மீட்டர் ஆழத்துக்கு இறங்கிவிடும். மொத்தக் கடல் பரப்பில் கண்டத்திட்டுகள் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் உலகத்தில் பிடிபடும் கடல் மீனில் பெரும்பகுதி இங்கேயும் இதை ஒட்டியும்தான் கிடைக்கிறது.

சாதாரண வருஷத்தில் நடப்பது இதுதான்:

பசிபிக்கில் வியாபாரக் காற்று கிழக்கிலிருந்து மேற்கே வீசுகிறது. சூடான மேல் நீரை இந்தோனேசியா பக்கம் தள்ளிக் குவிக்கிறது. அங்கே கடல் மட்டமே தென் அமெரிக்கப் பக்கத்தைவிட சுமார் அரை மீட்டர் உயரமாக இருக்கும். பெரு பக்கம் சூடான நீர் மெல்லிய ஆடை மாதிரிதான் மிச்சம். அதற்குக் கொஞ்சம் கீழேயே குளிர்ந்த அடிநீர் இருக்கும்.

பெருவின் கரையோரமாக வீசும் தென்கிழக்குக் காற்றும் பூமியின் சுழற்சியும் சேர்ந்து, மேல் நீரைக் கரையிலிருந்து நடுக்கடலுக்குத் தள்ளுகின்றன. காலியான இடத்தை நிரப்ப, அடியில் இருந்து குளிர்ந்த நீர் கண்டத்திட்டின் மேல் ஏறி வருகிறது. அந்த நீரில் நைட்ரேட், பாஸ்பேட் போன்ற உரச் சத்துகள் நிறைய. வெயில் பட்டதும் கண்ணுக்குத் தெரியாத நுண்தாவரங்கள் பெருகும். அதைத் தின்று அஞ்சோவெட்டா பெருகும். அதைத் தின்று பறவையும், கடல் சிங்கமும், மனிதனும்.

எல் நினோ வருஷத்தில் நடப்பது:

வியாபாரக் காற்று தளர்கிறது. மேற்கே குவிந்திருந்த சூடான நீர் கிழக்கே திரும்புகிறது. இந்த மாற்றம் கடலுக்குள் ஒரு நீண்ட அலையாக, கெல்வின் அலையாக, நிலநடுக்கோட்டு வழியாக சுமார் இரண்டு மூன்று மாதங்களில் பசிபிக்கைக் கடந்துவிடும். கரையில் வந்து மோதும் சுனாமி போன்ற அலை இல்லை இது. படகில் போகிறவருக்குத் தெரியவே தெரியாது. ஆனால் உள்ளே, சூடான மேல் நீருக்கும் குளிர்ந்த அடிநீருக்கும் இடையிலான எல்லையை அது கீழே அமுக்கிக்கொண்டே வரும்.

தென் அமெரிக்காவைத் தொட்டதும் அலை இரண்டாகப் பிரிகிறது. கண்டத்திட்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு ஒன்று வடக்கே, ஒன்று தெற்கே போகிறது. பெரு கரையில் சூடான நீரின் ஆடை இப்போது தடிமனாகிவிட்டது. கரையோரக் காற்று அப்போதும் வீசும்; அடியில் இருந்து நீர் அப்போதும் ஏறும். ஆனால் ஏறி வருவது சத்தில்லாத சூடான நீர். மோட்டார் ஓடுது, கிணற்றில் நல்ல தண்ணீர் இல்லை என்ற கதைதான்.

நுண்தாவரம் குறைகிறது. அஞ்சோவெட்டா குளிர்ந்த நீரைத் தேடி ஆழத்துக்கோ தெற்குக்கோ நகர்கிறது, இல்லையென்றால் கரையை ஒட்டிய சிறு திட்டுகளில் நெருக்கியடித்து ஒதுங்குகிறது. அப்படி ஒதுங்கிய கூட்டத்தை வலை போட்டு அள்ளுவது சுலபம். மொத்த மீனும் குறைந்திருக்கும்போது வலை மட்டும் நிறையும். 1972-ல் மீன்வளம் நொறுங்கியதில் இதற்கும் பங்கு உண்டு.

எல்லோருக்கும் நஷ்டம் என்றும் இல்லை. 1982-83 எல் நினோவின்போது பெருவின் பிஸ்கோ பகுதியில் ஸ்காலப் என்ற சிப்பி எக்கச்சக்கமாகப் பெருகியது. வழக்கமாக அந்தக் கண்டத்திட்டின் அடிநீரில் ஆக்சிஜன் மிகக் குறைவு. எல் நினோ சூட்டோடு கூடுதல் ஆக்சிஜனையும் கொண்டுவந்தது. ஒரே மாற்றம், ஒரு மீனவருக்கு இழப்பு, இன்னொருவருக்கு வரவு.

அட்லாண்டிக்கில் ஒரே ஒரு கன்று

வாக்கர் பெயர் வைத்த இன்னொரு சீசாவும் கரையோரக் கடலில் கை வைக்கிறது. 1996 குளிர்காலத்தில் வட அட்லாண்டிக் அலைவின் அளவு சட்டென்று சரிந்தது. கனடா பக்கம் இருந்து வரும் குளிர்ந்த லாப்ரடோர் நீர், கண்டத்திட்டின் விளிம்பை ஒட்டித் தெற்கே நகர ஆரம்பித்தது. 1998-ல் அது அமெரிக்காவின் மெயின் வளைகுடா வரை வந்து சேர்ந்தது. வானத்தில் மாற்றம் நடந்து, கடலடியில் அது தெரிய சுமார் இரண்டு வருஷம்.

அங்கே வாழும் அரிய வகை ரைட் திமிங்கிலங்களின் உணவு, அரிசி மணி அளவுள்ள ஒரு மிதவை உயிரி. அதன் அளவு குறைந்தது. 2000-ல் அந்தத் திமிங்கிலங்கள் ஈன்றது ஒரே ஒரு கன்று. 2001-ல் 31 கன்றுகள். இந்தச் சரிவையும் மீட்சியையும் வட அட்லாண்டிக் அலைவோடு ஆய்வாளர்கள் தொடர்புபடுத்துகிறார்கள்.

நம்ம கடலுக்கு என்ன?

எல் நினோ வருஷத்தில் வாக்கர் சுழற்சி இடம் மாறுகிறது. இந்தியப் பகுதியில் காற்று மேலே ஏறி மேகமாவதற்குப் பதில் கீழே அமுங்கும் போக்கு அதிகரிக்கிறது. அதனால் தென்மேற்குப் பருவமழை குறையும் வாய்ப்பு கூடுகிறது. வாய்ப்புதான், விதி இல்லை. 1997-ல் மிக வலுவான எல் நினோ இருந்தும் இந்தியாவில் மழை இயல்பாகவே பெய்தது. இந்தியப் பெருங்கடலுக்கே சொந்தமான இன்னொரு சீசா இருக்கிறது என்று 1999-ல் தெரியவந்தது. இருமுனைவு எனப்படும் அதுவும் விளையாட்டில் உண்டு.

கேரளம், கன்னியாகுமரி பக்கத்திலும் பெருவைப் போல அடிநீர் மேலே ஏறும் நிகழ்வு தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் நடக்கிறது. மத்தி எனப்படும் சாளை மீன் அதை நம்பித்தான் இருக்கிறது. 2012-க்குப் பிறகு கேரளத்தில் மத்தி வரத்து சரிந்தபோது, மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவன விஞ்ஞானிகள் சுட்டிக்காட்டிய காரணங்களில் எல் நினோவும் ஒன்று.

மன்னார் வளைகுடாவில் பவளப்பாறைகள் 1998-லும் 2016-லும் வெளுத்துப்போனதும், எல் நினோவை ஒட்டிக் கடல் நீர் சூடான காலத்தில்தான்.

அப்படியென்றால் வாக்கர் தோற்றாரா?

1982-ல் எல் நினோ தொடங்கியபோது விஞ்ஞானிகளே அதைச் சரியாகக் கவனிக்கத் தவறினார்கள். அந்தப் பாடத்துக்குப் பிறகு, பசிபிக் நிலநடுக்கோட்டில் சுமார் 70 மிதவைக் கருவிகளை வரிசையாக நிறுத்தும் வேலை 1994-ல் முடிந்தது. கெல்வின் அலை நகர்வதை இப்போது வழியிலேயே பார்த்துவிட முடிகிறது. தாஹிட்டிக்கும் டார்வினுக்கும் இடையிலான காற்றழுத்த வித்தியாசத்தை மாதாமாதம் கணக்கிட்டு வெளியிடுகிறார்கள். அது வாக்கரின் சீசாதான்.

பலன்? 2023-ல் கடல் சூடாகி, கூட்டத்தில் குஞ்சு மீன்களே அதிகம் என்று ஆய்வில் தெரிந்ததும், பெரு அரசு வடக்கு, மத்தியக் கடலில் அந்த ஆண்டின் முதல் அஞ்சோவெட்டா பருவத்தையே ரத்து செய்தது. மீனவர்களுக்கு வருமானம் போனது. வலி இல்லாமல் இல்லை. ஆனால் 1972 மாதிரி கண்ணை மூடிக்கொண்டு கடைசிக் கூட்டத்தையும் அள்ளவில்லை.

பஞ்சம் வருவதற்கு முன்பே சொல்ல வேண்டும் என்பதற்காக இந்தியாவுக்கு வந்தவர் வாக்கர். அந்த வேலையை அவர் முடிக்கவில்லை. ஆனால், ஒரு கரையின் கடலும் மழையும் அந்தக் கரையில் மட்டும் தீர்மானமாவதில்லை என்பதை முதலில் எண்களால் காட்டியவர்களில் அவர் முக்கியமானவர். எல் நினோ எச்சரிக்கை என்று இனி எப்போது செய்தி வந்தாலும் சரி, அதன் பின்னால் சிம்லாவில் கையால் கணக்குப் போட்ட அந்தக் குமாஸ்தாக்களும், அவர்களுடைய பூமராங் அதிகாரியும் இருக்கிறார்கள்.